அந்தச் சோதனையை யாரில் செய்து பார்த்தார்கள்?

1

நேற்று எங்கள் ஆய்வுகூடத்துக்குப் புதிய பரிசோதனைப் பெட்டி ஒன்று வந்தது. தொண்டையில் தடவியெடுத்ததை ஒரு துளி மருந்தோடு கலந்தால், தேநீர் குடித்து முடிப்பதற்குள் கிருமி உண்டா இல்லையா என்று தெரிந்துவிடுமாம். கொண்டுவந்த விற்பனையாளருக்குக் காலில் நல்ல சப்பாத்து, முகத்தில் நல்ல சிரிப்பு. வழுவழுப்பான தாளில் அச்சடித்த சிறு புத்தகத்தை விரித்து, "இது பிழைவிடுவது அபூர்வம்" என்றார்.

"யாரில் செய்து பார்த்தீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். வரைபடம் வடிவாகத்தான் இருந்தது. "இது கோடு. நான் கேட்பது ஆட்களை. நோய் முற்றிக் கட்டிலில் கிடந்தவர்களா, சந்தேகத்தில் வந்தவர்களா? முடிவைப் பார்த்தவருக்கு யார் நோயாளி என்று முதலே தெரியுமா?" மனிதரின் சிரிப்பு குறைந்தது. விசாரித்து எழுதுவதாகச் சொல்லிப் போனார். எழுதமாட்டார். இப்படிச் சொல்லிப் போன எவரும் இதுவரை எழுதியதில்லை.

வெப்பமானி வாங்கினாலும் நான் இதைத்தான் கேட்பேன் என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பண்ணுவார்கள். கேட்பேன்தான். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இது ஒரு கிறுக்குப் போலத் தோன்றும். வெள்ளை அங்கி போட்ட ஒருவர் ஒரு துண்டில் 'உண்டு' என்று எழுதித் தந்தால் உண்டு, 'இல்லை' என்றால் இல்லை. நயினாதீவில் பிறந்து, கொழும்பில் படித்து, இங்கிலாந்தின் வடக்கே மழை விடாத இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்த நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். நானே அந்தத் துண்டுகளை எழுதுகிறவள் அல்லவா, நம்பாமல் இருக்க முடியுமா? என் தம்பியின் பெயரில் ஒரு துண்டு வரும்வரை நம்பினேன்.

2

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. என் கணவருக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி வீட்டில் இல்லை. தம்பி கிருபா வேலை அனுமதிப் பத்திரத்தில் இங்கே வந்து, ஒரு பள்ளிக்கூடக் குசினியில் சேர்ந்திருந்தான். என்னைவிட மிகவும் இளையவன். எங்கள் வீட்டின் பின்னறையில்தான் இருந்தான். அவனுடைய மனைவி வசந்தாவும் கைக்குழந்தையும் நயினாதீவில், இங்கே வருவதற்கான விசாவை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொழும்பில் ஒரு நேர்முகம் முடிந்து, இன்னொன்று இருந்தது.

அந்தக் குசினியின் தலைமைச் சமையற்காரி டோரீன். அறுபதை நெருங்கும் பெண், தனி ஆள். கிருபாவுக்கு ஆங்கிலம் பழக்கியவர் அவர்தான். அதனால் அவன் பேசிய ஆங்கிலத்தில் பாதி சமையல் சாமான்களின் பெயர்கள், மறுபாதி 'கண்ணே', 'செல்லமே'. வங்கியில் காசாளரை அவன் ஒருநாள் 'செல்லமே' என்று கூப்பிட்டுவிட்டு வந்து, அந்த மனிசன் ஏன் முறைத்தது என்று என்னிடம் கேட்டான். டோரீனை அவன் மாமி முறை வைத்து 'அன்ரி' என்பான். அவருக்கு அது பிடித்திருந்தது.

அந்த வசந்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் சில பிள்ளைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் காய்ச்சல். பார்த்தால் நெருப்புக்காய்ச்சல், ஆங்கிலத்தில் டைபாய்ட். ஊரில் என்றால் கிணற்றுத் தண்ணீரில் பழியைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். இங்கே நகரம் முழுவதும் கலங்கிப்போனது. ஒரு சின்னப் பெண் குடல் ஓட்டையாகி ஆஸ்பத்திரியில் பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்தாள். குசினியைப் பூட்டினார்கள். உடம்பில் ஒரு நோயும் காட்டாமல், பித்தப்பையில் அந்தக் கிருமியை வருடக்கணக்காக வைத்திருக்கும் ஆட்கள் உண்டு. தாங்கள் நன்றாக இருப்பார்கள்; அவர்கள் கைபட்ட சாப்பாடு மற்றவர்களைப் படுக்கையில் போடும். அப்படி ஒருவர் குசினியில் இருக்கிறார் என்பது நகரத்தின் சுகாதார மருத்துவ அதிகாரியின் முடிவு. அவரைக் கண்டுபிடிக்கப் புதிதாக ஒரு ரத்தப் பரிசோதனை வந்திருந்தது. குசினியில் வேலை செய்த எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

எல்லாருக்கும் 'இல்லை'. கிருபாவுக்கு மட்டும் 'உண்டு', அதுவும் மிகப் பலமாக.

வேலைக்கு வர வேண்டாம் என்று கடிதம் வந்தது. அவனுடைய மலத்தை எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்த்து உறுதி செய்யப்போவதாகவும், அதுவரை வெளியில் எங்கும் உணவைத் தொடக்கூடாது என்றும் அதில் இருந்தது. உறுதியானால் வேலை போகும். வேலை போனால் அனுமதிப் பத்திரம் போகும். அதன்பிறகு எந்த வசந்தா, எந்த விசா? பள்ளிக்கூட வாசலில் நின்ற தாய்மார் அதற்குள் ஆளைத் தீர்மானித்துவிட்டார்கள். 'அந்தச் சிலோன்காரன்' என்று கடையில் என் காதுபடவே சொன்னார்கள்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிய ஒரே வெள்ளைக்காரி டோரீன். மாவுக்குள் இறைச்சி பொதிந்து சுட்ட இந்த ஊர்ப் பலகாரம் ஒன்றைத் துணியால் மூடிக் கொண்டுவந்தார். "இவன் கை கழுவுகிற மாதிரி என் குசினியில் எவரும் கழுவியதில்லை. நான் எங்கே வந்தும் சொல்லத் தயார்" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நாங்கள் இரண்டு நாள் அதைச் சூடாக்கிச் சூடாக்கிச் சாப்பிட்டோம்.

3

எனக்கு ஒரு மகள். சுமதிக்கு அப்போது பதினான்கு வயது. தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில் வரும். மாமா என்றால் உயிர் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் பின்னேரம் வேலையால் வந்தபோது, மாமா குடித்த கோப்பையை அவள் கிருமிநாசினியில் ஊறப்போட்டுக்கொண்டு நின்றாள். அதைத் தனியாக வைக்க அலுமாரியில் ஒரு மூலையும் ஒதுக்கியிருந்தாள்.

"என்னடி செய்யிறாய்?"

"பள்ளிக்கூடத்தில எல்லாரும் கேக்கினம் அம்மா. எனக்குப் பக்கத்தில ஒருத்தரும் இருக்கினமில்லை." அன்றைக்குத் தமிழில் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் அதிகமாக வலித்தது.

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். பின்னால் கிருபா நின்றான். "விடுங்கோ அக்கா, அவள் செய்யிறது சரிதானே. நீங்களே ஆய்வுகூடத்தில அப்பிடித்தானே செய்யிறனீங்கள்" என்றான். அன்று முதல் அவன் சாப்பாட்டு மேசைக்கு வருவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுவான். வசந்தாவுக்கு எழுதிய கடிதத்தில் 'எல்லாம் சுகம்' என்று போட்டதாகச் சொன்னான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

4

என் தொழில் எனக்குத் தெரியும் என்ற திமிரில், அந்தப் பரிசோதனை பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரையை நூலகத்தில் எடுத்து வாசித்தேன். அதுவரை கட்டுரையில் முடிவை மட்டும் வாசிக்கிறவள் நான். அன்று முதல் வரியிலிருந்து வாசித்தேன்.

ஒரு பக்கத்தில், கிருமியை உடம்பில் சுமந்து காவுகிறார்கள் என்று முன்பே உறுதியான ஆட்கள். மறுபக்கத்தில், திடகாத்திரமான தாதி மாணவிகள். இரண்டு கூட்டத்தையும் இந்தச் சோதனை அழகாகப் பிரித்துக் காட்டியதாம். அது என்ன கெட்டித்தனம்? எவர் எந்தக் கூட்டம் என்று சோதனையைப் பார்த்தவருக்கும் தெரியும். அவரே கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர். சந்தேகமாக வந்த முடிவுகளைச் சேர்க்கவில்லை என்று அடியில் சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே, நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசி போட்டவர்களை ஆய்வில் சேர்க்கவில்லை என்று ஒரு வரி.

நூலகம் என்பதையும் மறந்து, "அட பாவிகளே" என்று வாய்விட்டுச் சொன்னேன். தடுப்பூசி போட்ட உடம்பின் ரத்தமும் கிருமி காவும் உடம்பின் ரத்தமும் இந்தச் சோதனைக்கு ஒன்றாகத் தெரியக்கூடும். குழப்பக்கூடிய ஆட்களை வாசலிலேயே மறித்துவிட்டு, சோதனை குழம்பவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு ஓடிவந்து கிருபாவைக் கேட்டேன். "நீ நெருப்புக்காய்ச்சல் ஊசி போட்டனியோ?"

"இல்லை. ரத்தம் எடுத்தவையளும் கேட்டவை. இல்லையெண்டுதான் எழுதிக் குடுத்தனான்."

"கோயில் திருவிழாவுக்கு வாற சனத்துக்குக் கரையில வைச்சுப் போடுறவையெல்லே? கொலராவுக்கும் நெருப்புக்காய்ச்சலுக்கும் சேர்த்து ஒரே ஊசி."

ஊரில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆனி மாதம் நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு வருகிறவர்களை, வள்ளம் ஏறும் புங்குடுதீவுக் கரையில் சுகாதாரப் பகுதியினர் மறித்து ஊசி போட்டு, துண்டு கொடுத்துத்தான் வள்ளத்தில் ஏற்றுவார்கள். துண்டு இல்லாவிட்டால் ஏற முடியாது. கிருபா அந்த வயதில் மோட்டார் வள்ளத்தில் சாமான் ஏற்றி இறக்கித் திரிந்தவன். நான் அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தேன்.

"என்ர பேரில ஒரு ஊசியும் போடேல்லை அக்கா" என்றான் மெல்ல.

"அப்ப ஆரின்ர பேரில?"

மெதுவாக வந்தது கதை. விரதத்தோடு வரும் பெண்களுக்கு ஊசி குத்தி ரத்தம் வந்தால் தீட்டு என்று பயம். ஊசி போடாமல் அம்மனிடம் போகவும் முடியாது. அவர்கள் வள்ளக்காரப் பொடியன்களைக் கெஞ்சுவார்கள். கிருபா வரிசையில் போய் நின்று கையை நீட்டுவான். சனக்கூட்டத்தில் முகத்தை யார் பார்த்தார்கள்? பெயரை மட்டும் மாற்றிச் சொல்லி, துண்டை வாங்கிக்கொண்டு வந்து கொடுப்பான். ஒவ்வொரு திருவிழாவும் இதே சேவை. பிறகு இரண்டு நாள் கை வீங்கிக் காய்ச்சலில் கிடப்பான். அம்மா நாவூறு என்று மிளகாய் சுற்றிப் போடுவாராம்.

"எத்தினை ஊசியடா?"

"ஆர் எண்ணினது?"

"இதை ஏன் அவையளுக்குச் சொல்லேல்லை?"

"கள்ளப்பேரில ஊசி போட்டனான் எண்டு எப்பிடி அக்கா சொல்லுறது? ஒரு அரசாங்கத்தை ஏமாத்தினவன் எண்டு இந்த அரசாங்கம் எழுதி வைச்சால் வசந்தாவுக்கு விசா குடுப்பாங்களோ?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். இப்படி ஒரு பிழையை எங்கள் தீவான் மட்டும்தான் விடுவான். தாதி மாணவிகளை வைத்துக் கட்டுரை எழுதியவர்கள் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள்.

5

மருத்துவ அதிகாரி ஒல்லியான, பொறுமையான மனிதர். நான் சொன்னதெல்லாம் கேட்டார். அம்மன் விரதத்தை விளங்கப்படுத்த எனக்கு ஆங்கிலத்தில் சொல் வரவில்லை. பட்டினி என்று சொல்லி, அந்தப் பெண்கள் ஏழைகளா என்று அவர் பரிதாபப்படும் நிலை வந்தது. ஒருவழியாக ஊசிக் கதை அவருக்குப் பிடிபட்டது.

"மிஸிஸ் நாதன், நீங்கள் அவருடைய சகோதரி. நீங்கள் இப்படித்தான் சொல்வீர்கள்" என்றார்.

"உண்மை. அதனால் என்னை நம்ப வேண்டாம். ஆனால் நீங்கள் மலத்தை எடுத்துப் பார்க்கப்போவது யாருடையதை?"

"ரத்தத்தில் 'உண்டு' என்று வந்தவருடையதை."

"ரத்தம் 'இல்லை' என்று சொன்ன மற்றவர்களை?"

"அவர்களுக்குத்தான் இல்லையே."

"அதை இந்தச் சோதனை சொல்கிறது. சோதனை பிழைவிடுகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்? அது காட்டிய ஆளை மட்டும் தோண்டினால், அது காட்டாத ஆள் உங்களுக்கு எப்போதும் அகப்படமாட்டார். அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?"

கடைசியில் ஒப்புக்கொண்டார். குசினியில் வேலை செய்த ஒவ்வொருவரும் மலம் கொடுக்க வேண்டும், கிருமி எல்லா நாளும் வெளியே வராது என்பதால் ஒரு தடவை அல்ல, பல தடவை. போத்தல்களில் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும். இலக்கம் எவருடையது என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

போத்தல்கள் எங்கள் ஆய்வுகூடத்துக்கே வந்தன. நான் அந்த மேசைப் பக்கம் போகமாட்டேன் என்று தலைவரிடம் சொல்லிவிட்டேன். நாணயத்தால் மட்டும் அல்ல, பயத்தாலும்தான். சோதனை மோசம் என்பதை நான் நிறுவிவிட்டேன். அதனால் என் தம்பி சுத்தம் என்று ஆகிவிடுமா? நெருப்புக்காய்ச்சல் எங்கள் தீவுக்குப் புதிதா? மோசமான சோதனையும் சிலவேளை உண்மை சொல்லும். கிருமி வளர்க்கும் தட்டுகள் அடுக்கியிருந்த அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் என் கால் தானாக நிற்கும். உள்ளே போனால் நான் பார்க்க விரும்புவதைத்தான் பார்ப்பேன் என்று எனக்கே தெரிந்தது. அந்தக் கட்டுரைக்காரர்களை நான் ஏசியது அதற்குத்தானே.

வீட்டில் கிருபா ஒரு கேள்விதான் கேட்டான். "அக்கா, உங்களுக்கு என்னில நம்பிக்கை இருக்கோ?"

"நாளைக்கு அடுத்த போத்தலைக் கொண்டுபோய்க் குடு" என்றேன். வேறு எதுவும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவன் முகம் விழுந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

6

முடிவு வந்த அன்று அதிகாரி தொலைபேசியில் பேசாமல் நேரே ஆய்வுகூடத்துக்கு வந்தார். கிருபா கொடுத்த எந்தப் போத்தலிலும் கிருமி இல்லை. இன்னொரு இலக்கத்தில், கொடுத்த ஒவ்வொரு தடவையும் வளர்ந்திருந்தது. பிள்ளைகளில் கண்ட அதே வகை.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஓடிப்போய்க் கழிப்பறையில் நின்று அழுதேன். முகம் கழுவிவிட்டு வந்தபோதுதான் அவர் பெயரைச் சொன்னார்.

டோரீன். ரத்தப் பரிசோதனை 'இல்லை' என்று விடுவித்த டோரீன். சின்ன வயதில் நீண்ட நாள் காய்ச்சலாகக் கிடந்தாராம். அதற்கு யாரும் ஒரு பெயரும் வைக்கவில்லை. நான் அடித்துப் பேசியிராவிட்டால் அவரை எவரும் தேடியிருக்கமாட்டார்கள். குசினியை மறுபடி திறந்து, அவர் மறுபடி சமைத்து, மறுபடி பிள்ளைகள் விழுந்திருப்பார்கள். இது சரியான வேலை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த இறைச்சிப் பலகாரத்தோடு வாசலில் நின்ற மனிசி என் கண்ணுக்குள்ளே நின்றார்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கிருபா துள்ளிக் குதிப்பான் என்று பார்த்தேன். அவன் கதிரையில் அப்படியே இருந்தான்.

"அவவின்ர சோதனையிலும் பிழை இருக்கலாமெல்லே?"

"இல்லையடா. இது ரத்தம் இல்லை. கிருமியே வளர்ந்திருக்கு. இலக்கம் மட்டும் பாத்துச் செய்தது."

"எனக்காகச் சண்டை பிடிச்சனீங்கள். அவவுக்காகவும் ஒருக்காப் பிடியுங்கோவன் அக்கா."

"ஏலாது கிருபா. இதில சண்டை பிடிக்க இடமில்லை."

"அப்ப நீங்கள் சண்டை பிடிச்சதாலதான் அவ பிடிபட்டவ."

ஓம் என்றேன். அவன் எழுந்து பின்னறைக்குப் போய்விட்டான்.

7

அந்தச் சின்னப் பெண் பிழைத்துவிட்டாள். கிருபாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. மன்னிப்பு என்ற சொல் இல்லாத ஒரு கடிதமும் வந்தது. வசந்தாவும் குழந்தையும் அடுத்த வருடம் வந்து சேர்ந்தார்கள். சுமதி மாமாவின் கோப்பையைப் பழைய இடத்தில் வைத்தாள். அந்தப் பரிசோதனை சில காலம் இங்கும் அங்கும் நடந்து, பிறகு சத்தமில்லாமல் நின்றுபோனது. கட்டுரையைத் திருத்தி எவரும் எழுதியதாக எனக்குத் தெரியாது.

இவையெல்லாம் பின்னால் நடந்தவை. முடிவு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிருபா வெளிக்கிட்டு நின்றான். "அன்ரியைப் பாக்கப் போறன்" என்றான். என்னையும் வா என்று கேட்கவில்லை. நானாகத்தான் கோட்டை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

டோரீன் கதவைத் திறந்துவிட்டு எட்ட விலகி நின்றார். தெருவில் அவரோடு கதைக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது வீட்டு அமைதியிலேயே தெரிந்தது. பித்தப்பையை எடுக்கும் சத்திரசிகிச்சைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். என்னை அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். "எத்தனை பிள்ளைகளுக்குச் சமைத்திருப்பேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். என்னிடம் ஏதாவது ஆறுதல் இருக்குமா என்று பார்ப்பதுபோல் என் முகத்தைப் பார்த்தார்.

அவருடைய குசினி துடைத்துத் துடைத்துப் பளபளத்தது. அடுப்பில் ஒன்றும் இல்லை. வாழ்நாள் முழுவதும் வந்தவருக்கு எதையாவது கொடுத்தே பழகிய கைகளை என்ன செய்வது என்று தெரியாமல், முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மேசையில் கடையில் வாங்கிய பிஸ்கட் பொதி ஒன்று உடைக்காமல் இருந்தது.

"நீயே பிரித்துக்கொள் கண்ணே. நான் உள்ளே கை வைக்கவில்லை" என்றார் கிருபாவிடம்.

கிருபா எழுந்துபோய்ப் பொதியைப் பிரித்தான். ஒரு தட்டில் கொட்டினான். தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவந்து கதிரையில் இருந்தான்.

"நீங்கள் எடுத்துத் தாருங்கோ அன்ரி" என்றான். தமிழில்தான் சொன்னான். அவருக்கு விளங்கியது. தண்ணீர்க் குழாயைத் திறந்து, சவர்க்காரம் போட்டு, விரல் விரலாக நெடுநேரம் கழுவினார். துடைத்துவிட்டு, ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். அவன் வாங்கிக் கடித்தான்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். தட்டோடு நின்றார், எடுத்துத் தரத் துணியவில்லை. அந்தக் கிருமியைப் பற்றி அந்த அறையில் எல்லாரையும்விட எனக்கே அதிகம் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

நான் கையை நீட்டினேன்.